ஆபரேட்டர் ஒருவர்

கொளத்துமேடு ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கும் ஆணை வந்ததும், ஊராட்சிச் செயலர் உதயகுமார் இருப்பதையெல்லாம் ஒரு பட்டியலாக எழுத உட்கார்ந்தான். மேல்நிலைத் தொட்டி இரண்டு. போர்வெல் மூன்று. தெருவிளக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. குப்பை அள்ளும் பேட்டரி வண்டி நான்கு; அதில் ஓடுவது ஒன்று. டேங்க் ஆபரேட்டர் ஒருவர்.

அந்த இடத்தில் பேனா நின்றது. பட்டியலில் இருந்த எல்லாமே எழுத்தில் ஒரு கணக்கும் நிஜத்தில் ஒரு கணக்குமாகத்தான் இருந்தன. ஆனால் தெருவிளக்கை யாரும் கூப்பிட்டு உன் பேர் என்ன என்று கேட்கப் போவதில்லை.

ஆபரேட்டர் வேலைக்கான ஆர்டர் ராமன் பெயரில் இருந்தது. இருபத்தோரு வருடத்துக்கு முன்பு ஊராட்சி போட்ட ஆர்டர். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம் ராமனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டி அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை கிடைத்தது. அப்போது ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். நடவு நட்டவர்கள், களை பறித்தவர்கள் எல்லாம் ஒவ்வொருத்தராகக் கம்பெனி வேனில் ஏறினார்கள். நிலம் பிளாட்டானது, பிளாட்டில் அடுக்குமாடி வந்தது, களை பறித்த பெண்கள் அதே சர்வே நம்பரில் மாடிப்படி துடைத்தார்கள்.

ராமன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்த வேலை எதிர்க்கட்சிக்காரனின் தம்பிக்குப் போயிருக்கும். அன்றைய தலைவர், "பேரு அப்டியே கெடக்கட்டும், ஆளு மட்டும் மாறட்டும்" என்றார். ராமனின் மனைவி கெங்கம்மாளுக்கு ஒரு தம்பி இருந்தான். செங்கல் சூளையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த கஜபதி. மறுநாளே அவன் கையில் வால்வு சாவியைக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து கொளத்துமேட்டுக்குத் தண்ணீர் விடுவது கஜபதிதான். வருகைப் பதிவேட்டில் 'ராமன்' என்று கையெழுத்துப் போடுவதும் அவன்தான். சம்பளம் ராமனின் பாங்க் கணக்கில் விழும். கார்டு கஜபதியின் சட்டைப்பையில் இருக்கும். ராமன் அதில் ஒரு ரூபாய் தொட்டதில்லை. நான்கு தலைவர்கள் வந்து போனார்கள். யாரும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. தண்ணீர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உதயகுமார் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான்.

"செவ்வாக்கெழம நகராட்சிலர்ந்து மேடம் வருது. ஆபரேட்டர நேர்ல பாக்கணுமாம். ஆதாரு, ஆர்டர் காப்பி வேணும். மூஞ்சியப் போன்ல புடிச்சி ஏத்துவாங்க. அப்பால தெனம் ரெண்டு வாட்டி டேங்காண்ட நின்னு மூஞ்சி காட்டணும்."

"என் மூஞ்சிதான தெனம் டேங்காண்ட கீது" என்றான் கஜபதி.

"உன் மூஞ்சி கீது. உன் பேரு இல்ல."

"அப்ப மாமா பேர்ல என் மூஞ்சிய ஏத்து."

"இன்னா நைனா, கல்யாணப் பத்திரிகையா இது, இஷ்டத்துக்குப் போடறதுக்கு? ஆதார் நம்பரத் தட்னா அவுரு மூஞ்சி வந்து நிக்கும்."

ராமன் வலது கையை மடியில் வைத்திருந்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு முடிந்திருந்தன. பிரஸ் ஷாப்பில் அது பெரிய விஷயமில்லை. மூன்று விரல் போனால்தான் மெஷின் மாற்றித் தருவார்கள்.

"உண்மைய சொல்லிட்டா?" என்று கேட்டான்.

"தாராளமா சொல்லலாம். இத்தினி வருசமா பொய்க் கையெழுத்துன்னு மூணு பேருக்கும் வேல பூடும். சம்பளத்த திருப்பிக் கட்டுன்னுவான். சொல்லாட்டி ஒரு ஆளுக்குத்தான் பூடும்."

அந்த ஒரு ஆள் யாரென்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கெங்கம்மாள் இரு பக்கமும் கேட்கும்படி பேசக்கூடியவள். அன்று தம்பியைத் தன் பக்கம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

"இப்ப இன்னா ஆயிப்போச்சி? வேல ஊட்டோட தான கீது."

"எந்த ஊட்டோட?" என்றான் கஜபதி.

"டேய், குத்திக் காட்டாத. உங்க மாமாவ வர்ற பொங்கலோட நின்னுக்கச் சொல்லிட்டான் கான்ட்ராக்டு. அம்பது தாண்டுனவன் எல்லாம் வேணாமாம். இந்தக் கைய வெச்சிகினு அது எங்க போயி நிக்கும்? நீயாவது ஆளு கெட்டியா கீற."

"சூளையில கேட்டுப் பாக்கவா?"

"சூளை எங்கடா கீது? அங்கதான் ஸ்விம்மிங் பூல் கட்டிக்கினு கீறான்."

ராமன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "மச்சான், நான் கேக்கல. நீ வேணாம்னு சொல்லு, நான் செவ்வாக்கெழம கம்பெனிக்குப் பூட்றேன்."

கஜபதி சாப்பிட்டு முடித்தான். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ராமன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு டேங்கடிக்கு வந்தான். ஒரு நாளில் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கஜபதி வால்வு சாவியை எடுத்து வந்தான். ஆள் உயர இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி.

"ஊருக்கு மூணு வால்வு, மாமா. காலனிக்கு ரெண்டு. பிளாட்டுக்கு ஒண்ணு. முதல்ல காலனி. அது மேடு. டேங்கு ரொம்பி இருக்கசொல்ல விட்டாத்தான் ஏறும்."

"எல்லாம் ஒரே சுத்துதானா?"

"மாரியம்மன் கோயிலாண்ட கீறது ரிவர்சு. பிளம்பர் மாத்திப் போட்டுட்டுப் பூட்டான். மூடறதுன்னா தொறக்கணும்."

"எழுதி வெக்கலியா எங்கியும்?"

"யாருக்கு?"

ராமன் சாவியை வால்வுக் குழிக்குள் இறக்கித் திருகினான். பிடி வழுக்கியது. மறுபடி பிடித்தான். இரண்டு குட்டை விரல்களும் இரும்பைத் தொடவேயில்லை. கஜபதி தன் தலைத்துண்டைக் கிழித்துப் பிடியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். மூன்றாவது முறை வால்வு நகர்ந்தது. குழாயில் காற்றுப் போகும் சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர் போகும் சத்தம்.

"பத்துச் சுத்து வெச்சி நிறுத்து. முழுசும் தொறந்தா ஜாயிண்ட் உட்டுரும்."

"பத்து" என்றான் ராமன். எண்ணிக்கொண்டே சுற்றினான். பிரஸ் ஷாப்பில் எண்ணிப் பழகியவன். எண்ணிக்கையில் தவறவில்லை.

ஒன்பது மணிக்குள் ஆறு வால்வும் பார்த்தாகிவிட்டது. இருபத்தோரு வருடம் நான்கு மணி நேரத்தில் முடிந்தது கஜபதிக்குக் கொஞ்சம் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை ஜோதிகா வந்தாள். நகராட்சிப் பணி மேற்பார்வையாளர், இருபத்தாறு வயது. காலையிலிருந்து இது மூன்றாவது ஊராட்சி. முந்தைய இரண்டிலும் மோட்டாரே இல்லாத மோட்டார் அறைகளைப் பார்த்துவிட்டு வந்ததால் எதற்கும் முகம் மாறாமல் இருந்தாள். தொட்டியைப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள். போர்வெல்லைப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள்.

"ஆபரேட்டர் யாரு?"

ராமன் முன்னால் வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். ஆர்டரையும் ஆதாரையும் நீட்டினான். கஜபதி வேப்பமரத்தடியில், கும்பலோடு நின்றான். வரவே வேண்டாம் என்று உதயகுமார் சொல்லியிருந்தான். வால்வில் ஏதாவது தகராறு வந்தால் என்ன செய்வது என்று கஜபதி வந்துவிட்டான்.

ஜோதிகா போனைத் தூக்கினாள். "கண்ண நல்லா திறங்க. ஆச்சு. ஒரு வால்வைத் திறந்து காட்டுங்க."

ராமன் பிளாட்டுக்கான வால்வைத் திறந்தான். பத்துச் சுற்று. ஜோதிகா எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் நிர்மல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். ஈரோட்டுக்காரன், ஐடி வேலை. அன்று வீட்டிலிருந்து வேலை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மனு.

"மேடம், ஒரு நிமிசம்ங்க. எங்க அசோசியேசன்ல இருந்து ரெக்வஸ்ட்டுங்க. நூத்தி நாப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். நகராட்சிக்கு மாறினதும் வேற ஆளப் போட்ராதீங்க. ராமன் அண்ணன் மாதிரி ஆளு கிடைக்க மாட்டாருங்க. புயல் வந்தப்ப இடுப்பளவு தண்ணியில நின்னு வால்வு திறந்தாருங்க."

"ராமன் இங்கதான் இருக்கார். அவரைத்தான் பதிவு பண்றேன்" என்றாள் ஜோதிகா.

நிர்மல் ராமனைப் பார்த்தான். நிதானமாகச் சுற்றிலும் பார்த்தான். வேப்பமரத்தடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே, ஏன் அங்க நிக்கறீங்க? வாங்க இப்படி. மேடம், இவருதாங்க ராமன்."

உதயகுமார் தன் செருப்பைப் பார்த்தான். ராமன் கையிலிருந்த சாவியைக் கீழே வைக்கலாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான். கும்பலில் யாரோ இருமினார்கள். ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் தெரியாத ஆள், நூற்று நாற்பது கையெழுத்தோடு வந்து நிற்கிறான்.

ஜோதிகா மனுவை வாங்கிப் படித்தாள். அதில் போட்டோவும் ஒட்டியிருந்தது. மழையில் நனைந்த கஜபதி, சிரித்துக்கொண்டு. கீழே 'திரு. ராமன் அவர்கள்'.

"உங்க பேர் என்ன?" என்று கஜபதியைக் கேட்டாள்.

கஜபதி ராமனைப் பார்த்தான். ராமன் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்; வாயைத் திறக்கப் போகிறவன் மாதிரி ஓர் அடி முன்னால் வந்தான். அவன் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்று கஜபதிக்குத் தெரிந்தது. முந்திக்கொண்டான்.

"கஜபதி, மேடம்."

"இங்க என்ன வேலை பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. மாமாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருப்பேன். சார் என்னியப் பாத்து மாமான்னு நெனச்சிக்கினாரு."

"எத்தனை நாளா?"

"சும்மா அப்பப்ப."

நிர்மல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உதயகுமார் அவன் தோளில் கை போட்டு, "சார், பிளாட்ல செப்டிக் டேங்கு பிரச்சனைன்னீங்களே, வாங்க பேசலாம்" என்று நகர்த்திக்கொண்டு போனான். ஜோதிகா மனுவைக் கோப்பில் வைத்தாள். போட்டோ இருந்த பக்கத்தை மட்டும் உருவி, மடித்து, கஜபதியிடம் கொடுத்தாள். அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. இன்னும் இரண்டு ஊராட்சி பாக்கி இருந்தது.

"ஆபரேட்டர் ஒருவர், சரி" என்று சத்தமாகச் சொல்லி டிக் போட்டாள்.

அன்று சாயங்காலம் ராமன் சுவரைச் சுற்றிக் கஜபதியின் பக்கம் வந்து உட்கார்ந்தான். "நான் சொல்லிருப்பேன் மச்சான்" என்றான்.

"தெரியும் மாமா. அதான்."

மூன்று மாதம் கழித்து நகராட்சி ராமனுக்கு அடையாள அட்டை கொடுத்தது. கூடவே ஒரு உத்தரவும். சேர்க்கப்பட்ட பகுதிகளில் தண்ணீர் விடும் வேலை டெண்டருக்குப் போகிறது. ராமன் வேறு வார்டில் உள்ள நீரேற்று நிலையத்தில் பணிபுரிவார். அங்கே மோட்டார் தானாக ஓடித் தானாக நிற்கும். ராமன் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். தினம் இரண்டு முறை எழுந்து முகம் காட்ட வேண்டும்.

டெண்டர் எடுத்த கம்பெனியின் சூப்பர்வைசர் தமிழரசு, கொளத்துமேட்டில் ஆள் தேடினான். உதயகுமார் ஒரு நம்பர் கொடுத்தான். கஜபதி போனான். பழைய ஊராட்சி அலுவலகத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான் தமிழரசு. முப்பது வயதிருக்கும்.

"பேரு?"

"கஜபதி."

"வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"படிப்பு?"

"எட்டு."

"முன்ன இந்த வேல செஞ்சிருக்கியா, அண்ணாத்தே? அனுபவம் இருந்தா ஸ்கில்டு, கூலி சேத்துக் கெடைக்கும். எங்க செஞ்சன்னு லெட்டர் மட்டும் வேணும். இல்லாட்டி அன்ஸ்கில்டு."

கஜபதி ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தான். நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த ஆள் இல்லை.

"இல்ல" என்றான்.

தமிழரசு படிவத்தில் 'முன் அனுபவம்: இல்லை' என்று எழுதினான். "பரவால்ல, ஒண்ணும் பெரிய வித்த இல்ல. திருவுனா வரும், மூடுனா நிக்கும். நாளைக்கி ஆறு மணிக்கு வந்துரு."

"அஞ்சுக்கே வரேன்."

"அன்ஸ்கில்டுக்கு ஓ.டி. கெடையாது, பாத்துக்கோ."

"வேணாம்" என்றான் கஜபதி. மோட்டார் அறைச் சாவி எங்கே என்று கேட்டான்.