நடுக்கம் நின்றபோது

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கின் தள்ளுகதவு, இரண்டு விரல் இடுக்கு மட்டும் விட்டுச் சிக்கிக்கொண்டது. உள்ளே ஒரு சுமைதூக்கி. வெளியே, இடுக்கில் காதை வைத்தபடி அவர் மனைவி.

"பல்லு தந்தியடிக்குதுடி."

"அடிக்கட்டும். அந்த வாய் பேசுன பேச்சுக்கு இது வேணும்."

வெகுநேரம் கழித்துப் பல்லடிக்கும் ஓசை நின்றது. "இப்ப நடுக்கமே இல்ல. புழுக்கமா இருக்கு, சட்டையக் கழட்டுறேன்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கதவை நெம்பிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் முகம் வெளுத்தது.

"அக்கா, நடுங்கித்தான் உடம்பு சூட்டைக் காப்பாத்துது. இவ்வளவு குளிர்ல அது நின்னா, உடம்புக்கு முடியலன்னு அர்த்தம். தூங்க விடாதீங்க."

அவள் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள். "ஏங்க, சட்டையப் போடுங்க. பேசுங்க. என்னைத் திட்டவாவது செய்யுங்க."

அவள் இடுக்கில் விரல்களை விட்டுக் கதவை இழுத்தாள்.

கதவு பெயர்ந்தபோது அவர் கண்மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். அலுங்காமல் தூக்கிவந்து கம்பளியில் சுற்றினார்கள். அவள் அவர் மார்பில் கைவைத்துக் காத்திருந்தாள். நெடுநேரத்துக்குப் பிறகு அவர் தாடை லேசாக நடுங்கியது.

"நடுங்குங்க, நல்லா நடுங்குங்க," என்று சொல்லி அழுதாள்.

உங்கள் வீட்டில் ஒவ்வொருவர் உடம்பிலும் அந்த இளஞ்சூடு குறையாமல் இருக்கட்டும், என் செல்வங்களே.