நான் உட்காரும் பக்கம்

1

இந்தக் கதை எனக்குத் தையல் கடையில் கிடைத்தது. இரவல் சரக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேண்ட்டின் கால் நீளத்தைக் குறைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் கரும்பச்சைத் துணியை விரித்துப் போட்டுத் தையல்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மேசை விரிப்புண்ணே. மூணு பக்கம் கொஞ்சமா தொங்கினா போதும். முன்பக்கம் மட்டும் தரை வரைக்கும் விழணும். அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னாங்க?"

"கன்வென்ஷன் நடத்துறவங்க. காமிக்ஸ் போடறவங்க, படம் வரையறவங்க எல்லாம் ஒரே இடத்துல மேசை போட்டு விப்பாங்கண்ணே. நான் இப்பதான் முதல் தடவையா போறேன்."

தையல்காரர் சாக்கட்டியை எடுத்தார். "இதுல முன்பக்கம் எது?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் உக்கார்ற பக்கம்" என்றாள்.

"அப்ப எதிர்ப்பக்கம்?"

"எதிர்ல சுவருண்ணே."

தையல்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்குமே இந்தக் கன்வென்ஷன் சமாச்சாரம் ஒன்றும் தெரியாது. அவர் கோடு போட்டார். அவள் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அந்த ஓவியர் தன் சன்னலருகே —"

வேண்டாம். அன்று மழையே இல்லை. தனியாக வாழும் பெண் என்றால் போதும், எங்களைப் போன்றவர்கள் உடனே மழையைத் திறந்துவிடுகிறோம்.

இரண்டாவது: "தனிமை என்பது —"

இதைப் பார்த்ததும் நீங்கள் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். நானே முந்திக்கொண்டு அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவள் வீட்டு மேசைக்கு மறுபக்கம் கிடையாது."

இது இருக்கட்டும். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் கட்டில். நடுவில் நடக்க வழி வேண்டும் என்பதால் மேசையைச் சுவரோடு தள்ளிப் போட்டிருக்கிறாள். சாப்பாடு, இஸ்திரி, படம் எல்லாம் அதில்தான். சுவரில், அவள் கண்மட்டத்துக்கு நேராக, தூரிகையை உதறி உதறி ஒரு நீலத் திட்டு விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் பார்த்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.

3

அவளுக்கு வேலை கொடுப்பதில்தான் முதல் சறுக்கல். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக வைத்தேன். எழுத வசதியான வேலை. "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று நாள் முழுக்கச் சொல்பவள், தன்னை யாரும் கூப்பிடாதவள் என்று ஒரு பத்தி கூட எழுதிவிட்டேன். பத்தி நன்றாகத்தான் வந்திருந்தது.

பிறகுதான் உறைத்தது. வரவேற்பாளர் ஒரு தாளை நீட்டினால், படிக்கிறவர் பக்கமாகத் திருப்பித்தான் நீட்டுவார். கை தானாகத் திரும்பும். அப்படிப்பட்டவள் தையல் கடையில் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டாள். பத்தியோடு வேலையையும் பறித்தேன்.

இப்போது அவள் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கிறாள். மருந்து அட்டைகளில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். தனி அறை, தனி விளக்கு. அவளோடு பேசுகிறவர் மேற்பார்வையாளர் ஒருவர்தான். அவரும் பிழை இருந்தால்தான் பேசுவார். அவள் வேலையில் கெட்டிக்காரி என்பதால் பிழை தங்குவதில்லை.*

* அவளைக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் குறைந்தவளாகப் படைத்திருந்தால் பேச்சுத்துணையாவது கிடைத்திருக்கும். இதை யோசித்தேன். செய்ய மனம் வரவில்லை.

4

என்ன வரைகிறாள்? ஓர் ஒட்டகச்சிவிங்கி. அது தாழ்ந்த கூரை உள்ள வாடகை வீட்டில் குடியிருக்கிறது. ஒரு படத்தில் ஸ்டூல் இல்லாமலே பல்பு மாற்றுகிறது. அந்த ஒரு காரியத்தில்தான் அதற்குச் சௌகரியம். இன்னொன்றில் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் காத்திருக்கிறது, தலை மட்டும் வெளியே காற்று வாங்குகிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. உடம்பு மேசையருகே உட்கார்ந்திருக்கிறது. கழுத்து அறையைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசல்கதவுவரை போய், அழைப்புமணி அடித்ததா என்று எட்டிப் பார்க்கிறது.

வரையும்போது அவளுக்கே சிரிப்பு வரும். ஆனால் தனியாகச் சிரிக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. எதற்காக விடுப்பு எடுத்து, அச்சுப் போட்டு, மேசைக்குப் பதிவு செய்து இவ்வளவு பாடு படுகிறாள் என்று கேட்டால், இதற்குத்தான். உறவு இல்லாத ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். விற்றால் நல்லது. விற்காவிட்டாலும் சிரிப்பு வேண்டும்.

5

கன்வென்ஷன் நடத்துபவர்கள் மேசைக்கு இரண்டு அட்டை அனுப்பினார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள. ஒன்று அவளுக்கு. மற்றது உதவிக்கு வருபவருக்கு. மேசையை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அவள் ஒன்றில் தன் பெயரை எழுதினாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, சனிக்கிழமை ஏதாவது வேலை இருக்கா?"

"ஏன் குட்டி?"

"சும்மாதான். ஒரு அட்டை மிச்சம் இருக்கு. மேசைகிட்ட ரெண்டு பேர் உக்காரலாமாம்."

"அன்னைக்குப் பொண்ணுக்கு நீச்சல் போட்டியாச்சே. உங்க ஆபீஸ்ல யாரையாவது கூட்டிட்டுப் போயேன்."

"ஆமா. கூட்டிட்டுப் போறேன்."

"படம் அனுப்பியிருந்தியே, பாத்தேன். சூப்பரா இருக்கு."

"எது பிடிச்சுது?"

"எல்லாமேதான்."

(அண்ணன் நல்லவர். அவரைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாகிவிடும், ஆனால் அவர் உண்மையிலேயே நல்லவர். அவளுக்கு மாதாமாதம் அரிசி வாங்கிப் போடுகிறார். "எல்லாமேதான்" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு போதவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?)

அட்டையை வெற்றாகவே பையில் வைத்தாள்.

6

ஒத்திகை. விரிப்பு வந்ததும் வீட்டு மேசையில் விரித்தாள். படங்களைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு அடுக்கினாள், மாற்றினாள், மறுபடி அடுக்கினாள். ஒவ்வொன்றின் கீழும் விலைச்சீட்டு. திருப்தியானதும், பதற்றத்தில் இடம் மறந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு படமும் எங்கே வரும் என்பதற்கு விரிப்பிலேயே வெள்ளை நூலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி தைத்தாள். அச்சகத்துப் பழக்கம், எதையும் குறித்துவைக்க வேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் நேராக, அழகாக இருந்தது.

நீங்கள் இப்போது நெளிகிறீர்கள். எல்லாம் அவளைப் பார்த்தல்லவா இருக்கிறது? ஆமாம். தரைவரை விழும் துணியும் அவள் முழங்கால்மேல்தான் விழுகிறது. அது எதற்கு என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வாங்க வருபவர்களின் கண்ணில் விற்பவரின் அட்டைப்பெட்டி, பை, சோற்று டப்பா, கால் எதுவும் படாமல் மறைப்பதற்காம். (படங்களை நிமிர்த்திவைக்கும் பலகை ஒன்று இருந்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். நான்தான் வாங்கிக் கொடுக்கவில்லை.)

ஒரு மனுஷி இவ்வளவு தூரம் தவறுவாளா என்று உங்களுக்குச் சந்தேகம். எனக்கும் இருந்தது. பேனாவை வைத்துவிட்டு என் மேசையைப் பார்த்தேன். அதுவும் சுவரோடுதான் கிடக்கிறது. விளக்கு, தம்ளர், அகராதி எல்லாம் என் ஒருவன் கைக்கு ஏற்ற இடத்தில். இழுத்துப் போட்டு, இடுக்கில் நுழைந்து, முதல் தடவையாக மறுபக்கம் போய் நின்றேன். ஒட்டடையும், தொலைந்த பேனாமூடி ஒன்றும் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் நேரெதிரே என் நாற்காலி தெரிகிறது. அதில் யாருமில்லை. நான் இங்கே நிற்கிறேன், வேறு யார் இருக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் மேசையைத் திரும்பத் தள்ளிவிட்டு உட்காரும்வரை மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

சந்தேகம் தீர்ந்தது. இத்தனை நாளாக இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் "வாசகரே" என்று எழுதியிருக்கிறேன்.

7

மண்டபம். வரிசை வரிசையாக மேசைகள், அவள் வந்தபோது இன்னும் வெறுமையாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாற்காலி. குறிகளைப் பார்த்துப் படங்களை வைத்தாள், ஒன்றுகூடப் பிசகவில்லை. பக்கத்து மேசையில் பேட்ஜ் விற்கும் பெண், கூடவே அவள் கணவன், அவன் தம்பி. அந்த மேசையில் சிரிப்பு ஓயவில்லை.

ஆட்கள் வந்தார்கள். இவள் மேசையருகே நடையைக் குறைத்தார்கள், தலையைச் சாய்த்தார்கள், போய்விட்டார்கள். காமிக்ஸ் வேஷத்தில், அட்டையில் செய்த இறக்கை கட்டிய ஒருவர் மட்டும் நின்றார்.

"இது என்னங்க, வௌவாலா?"

"ஒட்டகச்சிவிங்கி."

"தொங்குதே?"

"இல்லீங்க, நின்னுட்டுத்தான் இருக்கு."

"ஓ" என்று மரியாதையாகத் தலையாட்டினார். இறக்கை இடிக்காமல் திரும்பிப் போனார்.

அவள் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு நின்றுகொண்டுதான் இருந்தது. அப்படியானால் வரைந்ததுதான் சரியில்லை. மற்றவர்களின் பிழையை இத்தனை வருஷம் பார்த்தவள், தன் பிழையைப் பார்க்காமல் போனதாக முடிவுகட்டினாள். நமக்கு மட்டும் புரிகிற படத்தை ஊர்கூட்டி விரித்துவைத்திருக்கிறோம். கீழே கிடந்த அட்டைப்பெட்டியைக் காலால் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். எடுத்துவைக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் வரையமாட்டாள். இதை நான் மிகைப்படுத்தவில்லை. அவளைப் படைத்தவனுக்கு அது தெரியும்.

அதோடு இன்னொரு சங்கடம். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறாள், இனி முடியாது. மேசையை விட்டுப் போகவும் கூடாது. பேட்ஜ்காரியிடம் கேட்கலாம் என்றால் அங்கே கூட்டம் மொய்க்கிறது.

8

முடிவுகள்.

அ. அண்ணன் திடீரென்று வந்து நிற்கிறார். "போட்டி சீக்கிரம் முடிஞ்சிடுச்சு குட்டி." இல்லை. அவரை நீச்சல்குளத்துக்கு அனுப்பியவன் நான். மகள் இரண்டாவதாக வருகிறாள், அவர் கைதட்ட வேண்டும். அங்கேயே இருக்கட்டும்.

ஆ. பேட்ஜ்காரி எட்டிப் பார்த்து, "அக்கா, எல்லாத்தையும் தலைகீழா வச்சிருக்கீங்களே" என்கிறாள். திருப்புகிறார்கள், கூட்டம் கூடுகிறது. இதை முழுதாக எழுதியும் பார்த்தேன், கண் கலங்கியது. ஆனால் பேட்ஜ்காரி காலையிலிருந்து பக்கத்தில்தான் இருக்கிறாள். அது ஒரு பாணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தேவைப்படுகிறது என்பதற்காக இப்போது மட்டும் அவளைப் பேசவைப்பது நியாயமில்லை.

இ. அவள் படங்களைப் பெட்டியில் வைத்து, விரிப்பை மடித்து, —

முடியவில்லை. அதை எழுதி முடித்தால் இந்த அறையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

ஈ. ஓர் எழுத்தாளர் அந்தப் பக்கம் வருகிறார். நான்தான். வெட்கத்தை விட்டு எழுதிப் பார்த்தேன். வாசல்வரை வந்துவிட்டேன். ஆனால் எனக்கு முடிச்சு தெரியும். தெரிந்தவன் போய்ச் சிரித்தால் அது சிரிப்பாகாது.

9

ஆகவே நீங்கள்.

நீங்கள் அவளுக்கு உறவில்லை. எனக்கும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், நீங்கள் நிற்கிறீர்கள். பையிலிருந்து அந்த வெற்று அட்டையை எடுத்து நீட்டுகிறாள்.

"தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் இங்க உக்கார முடியுமா? இதோ வந்துடறேன்."

போய்விட்டாள். ஓட்டம்தான்.

அட்டையை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள். அவள் நாற்காலியிலேயே உட்காருங்கள். துணி உங்கள் முழங்கால்மேல் விழுகிறது. குனிந்து பாருங்கள். இந்த மண்டபத்தில் அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் படங்கள் நேராகத் தெரிந்ததில்லை. உங்களுக்குத் தெரிகிறது. அதோ, கழுத்தை நீட்டி வாசலில் எட்டிப் பார்க்கிறதே, அதுதான் நான் சொன்ன படம். சிரிப்பு வந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு இங்கிருந்து சுவர்தான் தெரிகிறது.

அவள் திரும்பி வரும்போது பின்பக்கமாக வரமாட்டாள். ஆட்கள் நடக்கும் வழியாகத்தான் வருவாள். தன் மேசையை முதல் தடவையாக முன்னாலிருந்து பார்ப்பாள். அதற்குள் எல்லாவற்றையும் திருப்பிவைத்துவிடுவீர்களா, அல்லது அப்படியே விட்டு அவளே பார்க்கட்டும் என்று இருப்பீர்களா? இரண்டில் எது நல்லது என்று பலவிதமாக யோசித்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் பொறுப்பு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் வந்ததும் சட்டென்று எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. அதற்கு நகர்ந்து உட்காருங்கள், போதும்.