கோடையில் நனைந்த குழி

பங்குனி வெயிலில் ஊரே காய்ந்து கிடந்தது. சாலையில் விழுந்திருந்த அந்தக் குழி மட்டும் ஈரமாகவே இருந்தது. மழை பெய்து மாதங்கள் ஆகியும் எங்கிருந்து நனைகிறது என்று பத்தமடை வார்டு உறுப்பினர் ரைஹானத்துக்குப் புரியவில்லை. எத்தனை தடவை ஜல்லியும் தாரும் போட்டு மூடினாலும் அதே இடத்தில் வாயைப் பிளந்தது.

பாய் நெய்யும் அவள் தெருவுக்கு வரும் ஒரே டவுன் பஸ் அந்தக் குழியில்தான் இறங்கி ஏறியது.

"எக்கா, ஸ்பிரிங் பட்டை முறிஞ்சிட்டு. டெப்போவுல இந்த ரூட்டையே நிப்பாட்டப் போறாவ" என்றார் டிரைவர் நமச்சிவாயம்.

"அப்போ எம்மவ காலேஜுக்குப் பறந்தா போவா, அண்ணாச்சி?"

"பறக்குத பாய் ஒண்ணு நெய்ஞ்சிருங்க!"

ரைஹானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் நின்றால் மகள் படிப்பும் நின்றுவிடும்.

அவள் மனு கொடுத்ததும் சாலைப் பொறியாளர் வித்யாலக்ஷ்மி வந்தார். தார் கொண்டுவரவில்லை, கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டி வந்தார்.

"மேல பாக்காதீங்கக்கா. பாரத்தத் தாங்குதது அடியில இருக்க மண்ணு. காஞ்சிருந்தா கல்லு மாதிரி நிக்கும். நனைஞ்சா தொளதொளன்னு ஆயிரும். சக்கரம் அமுக்க அமுக்க, மேல தார் வளைஞ்சு வெடிச்சிரும்."

தோண்டினார்கள். சரளை உதிர வேண்டிய ஆழத்தில் சேறு வந்தது. சாலையை ஒட்டி ஓடும் ஓடையின் பக்கம் சொதசொதவென்றிருந்தது. தள்ளிப் போகப் போக உலர்ந்திருந்தது. ஒரு பிடி அள்ளி மோந்த வித்யாலக்ஷ்மி அதை ரைஹானத்திடம் நீட்டினார்.

"இது என்ன வாடை?"

ரைஹானத் பிறந்ததிலிருந்து அறிந்த வாடை. பாய் நெய்ய ஊறிய கோரைப்புல்!

வழக்கமாகக் கோரையை ஆற்றில்தான் ஊறப்போடுவார்கள். ஆறு தூரமென்று, சாலையோர ஓடையில் மண்ணால் அணை போட்டு, வாய்க்கால் கசிவைத் தேக்கி, கோரைக் கட்டுகளை அதிலேயே அமுக்கி வைத்தார்கள் தெருப் பெண்கள். அணையைப் போட்டவளே ரைஹானத்.

"யா அல்லா! நம்ம வேலதானா இது?"

"ஒங்க அணை பிரமாதம்க்கா, சொட்டு ஒழுகல. அதான் தண்ணி ரோட்டுக்கு அடியில போயிருக்கு."

அன்றே பெண்கள் அணையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் ஓடியது, வெயில் குழியை உலர்த்தியது. பிறகு நடந்ததை ரைஹானத் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். பொறியாளரின் ஆட்கள் காய்ந்த சேற்றையெல்லாம் வெட்டியெடுத்தார்கள். சரளையை அடுக்கடுக்காய்ப் பரப்பினார்கள். ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் இறுக்கிய பிறகே அடுத்தது. கடைசியில்தான் தார், அதுவும் மழைத்தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கிச் சற்றே சரிவாக. இத்தனை கட்டுமானத்தின் மேலா இவ்வளவு நாள் சும்மா நடந்துபோனோம் என்றிருந்தது அவளுக்கு.

கோரை ஊறப்போடத் தெருப் பெண்கள் குழாயடியில் சிமெண்ட் தொட்டி கட்டினார்கள்.

ஐப்பசி மழை கொட்டிய காலையில், அந்த இடத்தில் நமச்சிவாயம் பழக்கத்தில் பிரேக் பிடித்தார். பஸ் குலுங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, குழியத் தேடுதியளா?" என்றாள் மகளை ஏற்றிவிடச் சாலையோரம் நின்றிருந்த ரைஹானத்.

கோரை தொட்டியில் ஊறியது. ஓடை அடைபடாமல் ஓடியது. சாலைக்கு அடியில் தண்ணீர் தேங்காததால் மண் இறுகி நின்றது. குழி திரும்ப விழவில்லை.