யார் முதலில் வைப்பது

1

என் பெயர் உங்களுக்குத் தெரியும், வைத்ததே நீங்கள்தான். வயது இருபத்து மூன்று. இருக்கும் இடம், மாணவர் விடுதியின் துணி துவைக்கும் அறை, மூன்றாம் எண் இயந்திரத்துக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முப்பத்தெட்டு நிமிடம் என்று இயந்திரம் காட்டுகிறது. அதற்குள் இந்தக் கதையை முடித்தாக வேண்டும். நான் எழுதவில்லை, பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுவதுபோல் தொடர்ந்து பேசினால் அதற்கு ஏறமாட்டேன் என்கிறது. அதனால் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். அக்கா, சிரிக்காதே.

இந்தக் கதை ஒரு பொய்யின் வயிற்றில் பிறந்தது. [ரொம்ப அழகான வாக்கியம். பயந்துபோனவன் இப்படிப் பேசமாட்டான். இருக்கட்டும், அழிக்கத் தெரியவில்லை.]

இங்கே பல்கலைக்கழகத்தில் 'உலகப் பண்பாடுகள் வாரம்' நடக்கிறது. கலந்துகொண்டவர்கள் தாங்கள் கற்றதைத் தாய்மொழியில் ஆயிரம் சொல் எழுதித் தர வேண்டும். சுவரில் ஒட்டுவார்களாம். இந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனவே சுவருக்கு ஒரு பிரதி, நம் வீட்டு வாட்ஸப் குழுவுக்கு ஒரு பிரதி. சுவரில் இருப்பதை யாராலும் படிக்க முடியாது, தைரியமாக உண்மை சொல்லலாம். வீட்டுப் பிரதியை அக்கா அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள், ஆகையால்

2

தொடக்கம் ஒன்று: 'மேகம் கவிந்த ஒரு மாலையில், கடல் கடந்து வந்த இளைஞன் ஒருவன்...'

வேண்டாம். அந்த அரங்கத்துக்கு ஜன்னலே கிடையாது. மேகத்தை நான் எங்கே கண்டேன்?

தொடக்கம் இரண்டு: 'பண்பாடு என்பது யாது?'

அக்கா இந்த இடத்திலேயே வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

தொடக்கம் மூன்று: அப்பா, தப்பு பண்ணிட்டேன்.

இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இதைப் போனில் சொன்னால் விஷயம் பதினோரு விநாடியில் முடிந்துவிடும்.

* பதினோரு விநாடி: வெளியாள் யாராவது படித்தால் முழிக்கக் கூடாது என்பதற்காக இந்தக் குறிப்பு. அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். என்னோடு போனில் அவர் பேசும் பேச்சு முழுவதும் இவ்வளவுதான்:

"சாப்டியா?"

"சாப்டேம்பா. நீங்க..."

"சரி."

டக்.

நான் இங்கே வந்த எட்டு மாதத்தில் எங்களுடைய மிக நீண்ட உரையாடல் பதினோரு விநாடி. அதில் நான்கு விநாடி அவர் செருமினார்.

3

செவ்வாய்க்கிழமை. வட்டமாக நாற்காலிகள், இருபது பேர். வாரத்தை நடத்தும் மேடம் கையில் ஒட்டுத்தாள் கட்டோடு நடுவில் நின்றார். அன்றைய தலைப்பு 'விடைபெறுதல்'. அவரவர் வீட்டில் எப்படி விடை கொடுப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்ல வேண்டும்.

என் அறைத்தோழன் நெட்டையன் எழுந்தான். அவன் வீட்டில் கிளம்புகிறவரின் பையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு அனுப்புவார்களாம். மனசு காற்றில் பறந்துவிடாமல் இருக்கக் கனம் வேண்டுமாம். அரங்கமே "ஆஹா" என்றது.

அடுத்தது நான். மண்டை காலி. அம்மா வாசலில் நின்று பதினைந்து தடவை "பாத்துப் போ" சொல்வதைச் சொல்லியிருக்கலாம். கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது போதாது என்று பட்டது. அப்போது வாய் தன் பாட்டுக்குப் பேசியது.

"எங்க பக்கத்துல பெரியவங்க போனை முதல்ல வைக்க மாட்டாங்க. பிள்ளைங்க வைக்கிற வரைக்கும் காதுல வெச்சுக்கிட்டே நிப்பாங்க. எங்க அப்பா ஒரு தடவை நாப்பது நிமிஷம் நின்னாரு."

மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது நிமிஷமா? ஒண்ணுமே பேசாமயா?"

"மூச்சு மட்டும் கேக்கும்."

[மூச்சு எங்கிருந்து வந்தது? சத்தியமாகத் தெரியாது. பொய்யை அவிழ்த்துவிட்டால் அது தானே போய்க் குட்டி போட்டுக்கொண்டு வருகிறது.]

* இங்கே எவருக்கும் தமிழ் தெரியாது. என் கதைக்குள் வந்தால் மட்டும் எல்லோருக்கும் வரும். கதை சொல்கிறவனுக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

4

புதன்கிழமை சுவரொட்டி வந்துவிட்டது. ஒரு பெரிய காது, அதில் ஒரு போன், கீழே 'வைக்காத தந்தை'.

"சனிக்கிழமை நிறைவு விழாவில உங்க அப்பாவைப் பெரிய திரையில கூப்பிடறோம்," என்றார் மேடம். "முந்நூறு பேர் வராங்க. அவர் எதுவுமே பேச வேண்டாம். வைக்காம இருந்தாப் போதும்."

உலகத்தில் எல்லா அப்பாக்களுக்கும் மிகச் சுலபமான வேலை. என் அப்பாவுக்கு மட்டும்

"அவருக்கு அன்னைக்கு டியூட்டி இருக்கும் மேடம்."

"இல்லையே. உங்க படிவத்துல அக்கா நம்பர் இருந்துச்சு, பேசிட்டேன். காலைல பத்து மணிக்கு ரெடியாம்."

உண்மையைச் சொல்லிவிடத் துணிந்தேன். "மேடம், அந்த நாப்பது நிமிஷம் இருக்கே..."

"அதைச் சொல்லாதீங்க, எனக்கு மறுபடி அழுகை வரும். நேத்து வீட்டுக்குப் போய் எங்க அப்பாவுக்குப் போன் பண்ணினேன். நாலு வருஷம் கழிச்சு."

இதற்கு மேல் யாரால் வாயைத் திறக்க முடியும்?

மாலையில் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், அப்பா திரையில வராராமே! அம்மா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியாச்சு. இப்போ தெருவுக்கே சொல்லிட்டு இருக்காங்க."

"அப்பாகிட்ட நீ என்ன சொன்ன?"

"தம்பி காலேஜ்ல உங்களைப் பாக்கணும்ங்கறாங்கன்னு சொன்னேன். எதுக்குன்னாரு. தெரியலன்னேன். சரின்னாரு."

"சொல்லிட்டு எழுந்து போயிட்டாரா?"

"பின்ன? நேர்லயும் டக்குதான்."

5

இந்த இடத்தில் எனக்கு அப்பா என்ற பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. மனதுக்குள் இருந்த முதல் வரைவில் அவரைக் கல்நெஞ்சராகப் போட்டிருந்தேன்: பாசத்துக்கு ஏங்கும் மகன், பாசத்தைக் காட்டத் தெரியாத தந்தை. அரங்கத்தில் எடுபடும். எழுத எழுத (பேசப் பேச) கை கூசியது.

ஏனென்றால் ஒரு தடவை அவர் வேலை செய்யும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவருடைய ஜோடி ஆள் கம்பத்தின்மேல். அப்பா கீழே, காதில் போன்.

"கரண்ட் ஆஃப் பண்ணியாச்சா? சரி." டக்.

"ஏம்பா இப்படிப் பட்டுனு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"போன் லைன் ஃப்ரீயா இருக்கணும்டா. மேல ஒருத்தன் நிக்கிறான்ல."

சொன்னது அவ்வளவுதான். ஆள் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் இருக்கலாம்.

[இதை இப்போதுதான் யோசிக்கிறேன். பொய்யில் வந்த நாற்பது

விடுங்கள். நெட்டையன் அழுக்குக் கூடையோடு வருகிறான்.]

"யார்கூடப் பேசிட்டு இருக்க?"

"போன்கூட."

"போன்ல யாரு?"

"யாரும் இல்ல. போன்கூடத்தான்."

கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீயுமா? அந்தக் கூழாங்கல்லு என் கோட்டுப் பையில கெடந்துச்சுடா. எப்படி வந்துச்சுன்னே தெரியாது. என் முறை வந்தப்ப கையில தட்டுப்பட்டுச்சு, சொல்லிட்டேன்."

"அடப்பாவி! நான் அதைக் கேட்டுத்தானேடா என் பொய்யை மேல ஏத்திவிட்டேன்!"

"சரி, கேளு. நேத்து எங்க அம்மாகிட்ட இதைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். அடுத்த தடவை நீ கெளம்பும்போது நல்ல கல்லா ஒண்ணு எடுத்து வெக்கிறேன்னுட்டாங்க. இப்போ எங்க வீட்ல அது வழக்கம்தான்."

அழுக்குத் துணியை இரண்டாம் எண் இயந்திரத்தில் திணித்துவிட்டுப் போய்விட்டான். சோப்புப் போட மறந்துவிட்டான்.

6

இன்று வியாழன். சனிக்கிழமைக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முடிவு அ. திரையில் அப்பா. "சாப்டியா?" "சாப்டேம்பா." "சரி." டக். முந்நூறு பேருக்கு முன்னால் கறுப்புத் திரை. மேடம் என்னைப் பார்க்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன். தரை யாரையும் பார்க்கவில்லை.

முடிவு ஆ. அப்பா முகம் தெரிந்ததும் நானே முந்திக்கொண்டு வைத்துவிடுகிறேன். பிள்ளை வைக்கும்வரை பெரியவர் வைக்கவில்லை! பண்பாடும் பிழைத்தது, பொய்யும் பிழைத்தது. ரொம்பச் சாமர்த்தியமான முடிவு. ஆனால் அங்கே இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு ஒருவர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நான் முதலில் வைத்திருப்பேன். என்னால் முடியாது.

முடிவு இ. அவர் வைக்கவில்லை.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்திராத ஒன்றை எப்படிச் சொல்வது? மூச்சு கேட்குமா? மூன்று நிமிடம்தான் காட்டுகிறது, இயந்திரம் கடைசிச் சுற்றில் தடதடக்கிறது, போன் அதையும் சொல்லாக்கப் பார்த்துத் தோற்கிறது.

ஆகவே முடிவை நான் சொல்லப்போவதில்லை. அது அந்தப் பக்கம் இருக்கிறது. அக்கா, நாளைக்கு இதை அப்பாவுக்கு முழுசாக வாசி. சிரித்துக்கொண்டே வாசிக்காதே. இனி வருவதைச் செய்தி வாசிப்பவர் குரலில் சொல்ல முடியாது. போனுக்கு ஏறினால் ஏறட்டும்.

அப்பா, நீங்க நாப்பது நிமிஷம் நின்னீங்கன்னு ஊர் பேர் தெரியாத இருவது பேர்கிட்ட பொய் சொல்லிட்டேன். திட்டறதுன்னா திட்டுங்க, ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை காலைல பத்து மணிக்குப் போன் வரும். எப்பவும்போல சாப்டியான்னு கேளுங்க. சாப்டேன்னு சொல்றேன். சரின்னும் சொல்லிக்கோங்க. வெச்சிடாதீங்க. இந்தத் தடவை மேல நிக்கிறது நான்தான். இறங்கினதும் சொல்றேன்.