மச்சான் பிடித்த கயிறு

காலைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வந்த கையோடு, படகுத்துறையில் வைத்து என் முன்பல் இரண்டைச் சிலுவை உடைத்தான். சிலுவை என் மனைவி மெட்டில்டாவின் அண்ணன். கையில் வைத்திருந்தது துடுப்பு. ஜெபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் துடுப்பை எடுத்தான். அந்த மட்டுக்கும் பக்திமான்.

"ஏலே, எந்தங்கச்சியக் கொழும்புக்குக் கொண்டுட்டுப் போவியோ? போன வருசந்தான சப்பான்காரன் அங்கன குண்டு போட்டான்? அவ அங்கன கெடந்து வேகணுமோ?"

நானும் சும்மா இருக்கவில்லை. கீழே விழுந்து கிடந்தபடி, என் விலா எலும்பால் அவன் காலைப் பலமுறை தாக்கினேன்.

விஷயம் இதுதான். சண்டைக்காலம். கடலில் இறங்கி, கடலிலிருந்தே கிளம்பும் வெள்ளைக்காரன் விமானங்கள் அவ்வப்போது தூத்துக்குடித் துறையில் வந்து நின்றன. தோணிக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். அடிப்பாகம் முழுக்கத் தண்ணீருக்குள். பறக்கும் முன் யாராவது முங்கி அடியைப் பார்க்க வேண்டும். பாசி பிடித்திருந்தால் சுரண்ட வேண்டும், ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். முத்துக்குளிப்பு நின்று வருடக்கணக்காகியிருந்தது. சங்கு குளித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து இந்த வேலையில் போட்டார்கள். வேலை பிடித்துப்போய், கொழும்பில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். ஆட்டிய தலையில்தான் அன்று துடுப்பு விழுந்தது.

எங்களைப் பிரித்துவிட்டவர் கிருபாநிதி. நாசரேத்துக்காரர், விமானங்களைத் தயார்செய்து அனுப்புகிற மெக்கானிக். காக்கி உடுப்பெல்லாம் எண்ணெய்.

"வே, அடிச்சுச் சாகதுக்கு இன்னைக்குத்தானா நாள் பாத்திய? தெக்க ஒரு கப்பல முக்கிட்டானுவ. ஆளுக பலகையப் பிடிச்சுட்டு கடல்ல மெதக்கானுவ. நம்ம விமானம் நேத்து எறங்கும்போது கடலடிப் பாறையில உரசி, ஆணி தெறிச்சு, அடியெல்லாம் ஓட்டை. உள்ள தண்ணி ஏறுனா, அவனுவளத் தூக்கியார அது எந்திரிக்காது. இவனை லாக்கப்புல போடுதேன். கயிறு பிடிக்க வேற ஆளு தாரேன், நீரு முங்கும்."

"வேற ஆளுன்னா நான் முங்க மாட்டேன் சார்" என்றேன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

"இவன்தானவே உம்மைக் கொல்லுவேங்கான்!"

"ஆமா சார். ஆனா மச்சான்லா."

பாவம், அவர் ஆற்றுத்தண்ணீர் குடித்து வளர்ந்தவர், இதெல்லாம் தெரியாது. எங்கள் கரையில் முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்சாதியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்று எவனோ போட்ட கணக்கு. போட்டவன் சிலுவையைப் பார்த்ததில்லை. ஆனாலும் வேறு ஆள் பிடித்த கயிற்றில் இறங்க எனக்குக் கால் வராது.

சிலுவை துடுப்பைக் கீழே போட்டான். "நானே பிடிக்கேன். மேல வாரானான்னு பாப்போம்."

விமானத்தை ஒட்டிப் படகைக் கட்டினோம். இறக்கையின் மேல் வேதமணி என்கிற பையனும் இன்னும் இரண்டு பேரும் டின் டின்னாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் எஞ்சின் நின்றுபோகும் என்று தோல் வைத்து வடிகட்டினார்கள். இறக்கைக்குக் கீழே குண்டுகள் பலாக்காய் மாதிரி தொங்கின. வயிற்றுக்குள் ஒரு குட்டி எஞ்சின் உள்ளே ஏறிய தண்ணீரை இறைத்துத் துப்பியது.

கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பிலும் மறுமுனையைப் படகின் குறுக்குப்பலகையிலும் சிலுவை கட்டினான். அடிபட்ட விலா கதறியது.

"கொஞ்சம் இளக்கிக் கட்டுங்க மச்சான்."

"பொணத்துக்கு எதுக்குலே இளக்கம்?"

முங்கினேன். எங்கள் தோணிகளுக்குச் செய்கிற வேலைதான். தாரில் முக்கிய பஞ்சை மர ஆப்பில் சுற்றி, ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் இறுக்க வேண்டும். மூச்சு முட்டியதும் கயிற்றை ஆட்டினால் சிலுவை வெடுக்கென்று இழுப்பான். தலை வெளியே வந்ததும் வசவு ஆரம்பமாகும். அது முடிவதற்குள் நான் மறுபடியும் உள்ளே போய்விடுவேன்.

ஒரே ஒரு ஓட்டை பாக்கி. மூச்சு தீர்ந்துவிட்டது. கயிற்றை ஆட்டினேன். பதில் இல்லை. பலமாக இழுத்தேன். கயிறு என் தலைமேலேயே தொளதொளவென்று வந்து விழுந்தது.

விட்டுவிட்டான்.

மெட்டில்டாவின் முகம் வந்தது. பிறகு ஏனோ காலையில் குடிக்காமல் வைத்துவிட்டு வந்த காப்பியும் வந்தது. சாகிற நேரத்திலும் என் புத்தி அப்படித்தான். உதைத்து மேலே எழும்பினேன். பாதி வழியில் ஒரு கை என் கணுக்காலைப் பிடித்துக் கீழே இழுத்தது. குனிந்து பார்த்தால் சிலுவை!

கயிற்றை விட்டால் போதாதா, இவ்வளவு மெனக்கெட்டு நேரில் வந்தா கொல்ல வேண்டும்? மிச்சமிருந்த பலத்தையெல்லாம் குதிகாலில் சேர்த்து அவன் மூக்கில் விட்டேன். மூக்கு நொறுங்கியது காலுக்குத் தெரிந்தது. ரத்தம் புகை மாதிரி தண்ணீரில் விரிந்தது. அவன் விடவில்லை. மேலேறி வந்து என் கழுத்தை வளைத்தான். கையைக் கடித்தேன். முன்பல் இல்லாத வாய் என்ன கடிக்கும்? என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை மேலே திருப்பினான்.

மேலே கடல் எரிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் நெருப்பால் ஒரு கூரை.

அதன் அடியிலேயே என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். கண் இருட்டியது. காற்று முகத்தில் பட்டபோது நாங்கள் தீக்கு வெளியே இருந்தோம். முதல் மூச்சு உள்ளே போவதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"மூச்சு இருக்காலே? இருக்கா?" அவன் அழுதுகொண்டிருந்தான். கடல்தண்ணீர் என்று பிற்பாடு சாதித்தான்.

நடந்தது இது. ஒரு பெட்ரோல் டின் கை நழுவித் தண்ணீரில் கொட்டியிருக்கிறது. குட்டி எஞ்சின் இருமி ஒரு பொறியைத் துப்பியிருக்கிறது. வேதமணி எரிந்தபடியே குதித்தான். அவன் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்த வாரமே கண்ணை மூடிவிட்டான். விமானத்துக்காரர்கள் கட்டுக்கயிற்றைக் கோடரியால் வெட்டிவிட, காற்று விமானத்தைத் தீயிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. எங்கள் படகு எரிந்தது. எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டுக் குதி என்று சிலுவையிடம் கத்தியிருக்கிறார்கள். குதித்திருக்கலாம். ஆனால் என் கயிறு அந்தப் படகோடு கட்டியிருந்தது. படகு மூழ்கினால் என்னையும் கொண்டுபோகும். எரிகிற முடிச்சை வெறுங்கையால் அவிழ்த்துவிட்டுத்தான் குதித்திருக்கிறான். அவன் உள்ளங்கைத் தோல் ஈரக் காகிதம் மாதிரி தொங்கியது.

கிருபாநிதி மோட்டார் படகில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்.

"கேக்கவே நாக்கு கூசுது வே. இன்னும் ஒரு ஓட்டை இருக்கு. அங்கன ஆளுக மெதக்கானுவ."

நான் சிலுவையைப் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்க? கை இல்லன்னா இடுப்பு இருக்குல்லா. கட்டும்வே கயிறை."

கிருபாநிதி அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். மறுமுனை என் இடுப்பில். முங்கினேன். கடைசி ஆப்பை வைத்து இறுக்கினேன். கயிற்றை ஆட்டியதும், வெந்த கைகளை இரு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மோட்டார் படகின் மேல்தட்டில் பின்புறமாகவே நடந்து என்னை இழுத்தான். கிணற்றுக் கமலையில் தண்ணீர் இறைக்க மாடு வடம் இழுப்பதுபோல. இதை நான் இதுவரை அவனிடம் சொல்லவில்லை. எனக்கு மிச்சப் பல்லும் வேண்டும்.

விமானம் கடலைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஒரு தரம் எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பிப் போயே போய்விட்டது. சிலரைத் தூக்கி வந்ததாகக் கேள்வி. எல்லாரையும் அல்ல.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மெட்டில்டா அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. "மூக்க ஒடச்ச ஆளுக்குக் கஞ்சி ஒரு கேடா?" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் உடைத்த என் பல்லுக்கு அங்கே வக்கீல் இல்லை.

கிருபாநிதி எட்டிப் பார்த்தார். "என்னவே, கொழும்புக்கு என்ன சொல்லட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ஒரு கால் வந்து என் விலாவில் விழுந்தது. அதே விலா.

"அங்கன ஒனக்கு யாருலே கயிறு பிடிப்பா?"

"காலை மடக்குங்கண்ணே, கஞ்சி சிந்துது" என்றாள் மெட்டில்டா.

"கொழும்புல எனக்கு மச்சான் கிடையாது சார்" என்றேன் கிருபாநிதியிடம். பல் போன வாயில் அது பாதி காற்றாகத்தான் வந்தது.

சிலுவை கட்டுப்போட்ட கைகளை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். "கை ஆறட்டும்லே. துடுப்பு அங்கனயேதான் கெடக்கு."

மெட்டில்டா மிச்சக் கஞ்சியை என் பக்கம் நகர்த்தினாள். மெல்லுகிற வேலை இல்லாத சாப்பாடு. எனக்குத் தோதாக இருந்தது.