முதலாளி வீட்டுக் குழாய்

பொன்சாமி சோப்புக் கம்பெனி ஓடையில் எதைக் கொட்டியதோ, அது மறுநாள் காலை முதலாளி வீட்டுக் குழாயில் வந்தது. 1961-இல் தீவு நாட்டு ஊரான ட்ராசாவில் கம்பெனி தொடங்கிய மறுநாளே, பொன்சாமியின் மனைவி தேநீருக்குப் பிடித்த தண்ணீர் கறுப்பாக நுரைத்தது. கொழுப்பும் காரமும் கலந்து நாறியது. பக்கத்து நகரமான லவுத்தோக்காவிலிருந்து குழாய்க்காரர்கள் வந்து தோண்டிப் பார்த்தார்கள், குழாயில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொன்சாமி ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. ஆனாலும் வீட்டில் தேநீர் கிடைக்காத மனிதர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஆறே வாரத்தில் தொழிற்சாலைக்குப் பின்னால் மூன்று குட்டைகள் வெட்டினார். முதல் குட்டையில் எண்ணெய் மிதந்து நிற்கும், இரண்டாவதில் காரம் அடங்கும், மூன்றாவதில் நாணல் வளரும். அவற்றைப் பார்த்துக்கொள்ள நாகையாவை வைத்தார். நாகையா தினமும் எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுக்க, குழாய் தெளிந்தது, கூடவே ஓடையும் தெளிந்தது. ஓடைக்குக் கீழே கரும்பு போட்டிருந்த கன்னையா அதில் இறால் பிடித்தார்.

1987-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த வருஷமே இன்னொரு தடவையும் பிடித்தது. பொன்சாமி குடும்பத்தோடு ஆக்லாந்துக்குக் கிளம்பினார். அப்போது போனவர்கள் பலர், திரும்பி வந்தாலும் வருவோம் என்று, கடையையும் வீட்டையும் நம்பிக்கையான ஆளின் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பொன்சாமி கம்பெனியை நாகையாவின் பெயரில் எழுதினார். உத்தரவெல்லாம் ஆக்லாந்திலிருந்து தொலைபேசியில் வந்தது. நாகையா சம்பளக்காரராகவே இருந்தார். ஆனால் அந்தப் பத்திரத்தைத் தண்ணீர் நம்பிவிட்டது. ஊரடங்குக்குப் பயந்து அவர் வேலைக்குப் போகாத வாரம் குட்டைகள் நிரம்பி வழிந்தன. அவர் மனைவி ப்ரேமிலா பிடித்த குடம் கறுப்பாக நிரம்பியது. முதலாளியின் நாற்காலி வராமல் முதலாளியின் குழாய் மட்டும் வந்து சேர்ந்ததே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், நாகையா குட்டைகளில் இறங்கினார்.

2000-இல் மறுபடியும் துப்பாக்கிகள் வெளியே வந்தன. போதும், வந்த விலைக்கு விற்றுவிடு என்று பொன்சாமி சொன்னார். வாங்க வந்தது வெளிநாட்டுக் கம்பெனி. அதற்கு முதலாளி ஒருவர் இல்லை, எங்கெங்கோ ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள். சட்டப்படி நாகையா மறுத்திருக்கலாம். குட்டைகளை மூடக்கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரியாவது சேர்க்கச் சொல்லியிருக்கலாம். அவருக்கு முதுகு போயிருந்தது. மகள் வினீதா நர்ஸ் வேலைக்கு பிரிஸ்பேன் கிளம்பிக்கொண்டிருந்தாள். இனி இந்தக் கறுப்பு யார் வீட்டுக்கோ போகட்டும் என்ற நினைப்போடுதான் கையெழுத்துப் போட்டார். மறுநாள் குழாயில் வந்த தெளிந்த தண்ணீரை மூன்று டம்ளர் குடித்தார். அவ்வளவு ருசியாக இருந்தது.

புதிய மேனேஜர் யோகேந்திரா தலைநகர் சுவாவிலிருந்து வந்த நல்ல மனிதர். சுற்றுச்சூழலைப் பேணும் கம்பெனி என்ற சான்றிதழை ஆபீஸில் கண்ணாடி போட்டு மாட்டினார். குட்டைகளுக்குச் செலவு கேட்டு மூன்று தடவை மேலே எழுதவும் செய்தார். பிறகு லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

"மேல யாரும் கேக்கலீங்க நாகையாண்ணே," என்றார். "அவங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆவல."

குட்டைகளில் கடலிலிருந்து அள்ளிய பவளக்கல் கொட்டி மூடினார்கள். ஓடை கறுத்தது. கன்னையாவின் இரண்டு மாடுகள் செத்தன, பேத்தியின் காலில் தோல் உரிந்தது. ஒருநாள் அவர் நாகையாவின் வீட்டு முற்றத்துக்கு வந்து குழாயைத் திறந்தார். தண்ணீர் பளிங்குபோல் விழுந்தது. கன்னையா அதில் நிதானமாகக் கால் கழுவிவிட்டுப் போனார். நாகையா அன்று சாப்பிடவில்லை.

2006 டிசம்பரில் நான்காவது தடவையாக ஆட்சி கவிழ்ந்தபோது, நலம் கேட்டு வினீதா பேசினாள். பேச்சோடு பேச்சாக, தன் வீட்டுக் குழாயில் காலையில் முதலில் ஒரு சொட்டு கறுப்பாக விழுகிறது என்றாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் முதுமைக்கென்று சம்பளத்தில் பிடிப்பதை எந்தெந்தக் கம்பெனிப் பங்கில் போடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"என்ன வாசனை அடிக்குது?" என்று நாகையா கேட்டார்.

"ஒங்க சட்டை வாசனப்பா."

நாகையா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அது நம்ம குட்டைம்மா. கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுது. நீ எழுதினா கேப்பாங்க, நீயும் மொதலாளிதான்."

வினீதா சிரித்தாள். "ஒரு சொட்டுதானேப்பா. பில்டர் மாட்டியாச்சு."

அந்த வடிகட்டியை அவள் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறாள். கறுத்துப்போன பழையதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுகிறாள். பிரிஸ்பேனிலும் மெல்பர்னிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அப்படித்தான். ட்ராசாவில் நாகையா தினமும் விடிந்ததும் குழாயைத் திறந்து, கையில் ஏந்தி, மோந்து பார்க்கிறார். தண்ணீர் சுத்தமாகத்தான் வருகிறது.