‘புதுசுதானே?’ என்று கேட்டவருக்கு

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. தங்கை எழுதச் சொன்னாள். உப்பு தீர்ந்துவிட்டது, வாங்கி வா என்கிற தொனியில் சொன்னாள். நானும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்?

அவள் வேலை பார்ப்பது, பயன்படுத்திய ஆக்சிஜன் இயந்திரங்களை வாங்கி மறுஉற்பத்தி செய்யும் தொழிற்சாலையில். மூச்சுத் திணறுகிறவர்கள் கட்டிலோரம் வைத்துக்கொள்வார்களே, அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்புகிற பெட்டி, அதுதான். கடைசிச் சோதனை மேசை அவளுடையது. அவள் சரி என்றால்தான் பெட்டி வெளியே போகும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு மறுபிறவி உண்டு, அதன் ஆன்மா…

"ஆன்மாவும் இல்ல, ஆவியும் இல்ல. அழி" என்றாள். (அழித்தேன் என்று சொல்லிவிட்டு விட்டுவைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த வரி.)

2

அடுத்து இப்படி எழுதிப் பார்த்தேன்:

பூமியைத் தோண்டிச் செம்பெடுத்து, உருக்கி வார்த்து, சில வருடம் ஓட்டி, குப்பைமேட்டில் எறிந்துவிட்டு மறுபடியும் தோண்டப் போகிற நம் புத்தியை…

நோட்டீஸ் எழுத எங்கள் ஆபீசிலேயே ஆள் இருக்கிறது என்றாள். ஆனாலும் விஷயம் உண்மை. ஒருமுறை உருக்கி வார்த்ததை மறுபடி உருக்காமலே ஓட வைக்கலாம் என்பதற்காகத்தான் அந்தத் தொழிற்சாலையே நடக்கிறது. ஆகவே பாதி வாக்கியமாவது இருக்கட்டும்.

அதே பத்தியில் ‘பழுது பார்த்து’ என்று எழுதித் தொலைத்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.*

* அவள் திட்டியதன் சாரம்: பழுது பார்க்கிறவர் கெட்டதை மட்டும் தேடுவார். இவர்கள் கடைசித் திருகாணி வரை கழற்றி, எல்லாமே கெட்டது என்று சந்தேகப்பட்டு, கழுவி, அளந்து, தேறாததற்குப் புதுப் பாகம் போட்டு, புதியதற்கு வைக்கிற அதே சோதனையை வைப்பார்கள். ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் மோட்டார் இருக்கும். உத்தரவாதம் மட்டும் புதியதற்குத் தருகிற அதே உத்தரவாதம்.

3

தங்கையின் மாமனாருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார் மருத்துவர். எங்கள் தொழிற்சாலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று தங்கை சொன்னதும் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எவனோ செத்து மிச்சம் வெச்சது எனக்கு வேண்டாம்மா."

இந்த இடத்தில் பாத்திரம் எனக்கு ஒட்டவில்லை. மூச்சு முட்டுகிறபோது யாராவது பிடிவாதம் பிடிப்பார்களா என்று தங்கையிடம் கேட்டேன். அவர் ஐந்து அண்ணன்களுக்குப் பின் பிறந்தவராம். சட்டை, செருப்பு, பாடப்புத்தகம் எதுவானாலும் ஐந்து பேரைத் தாண்டித்தான் அவரிடம் வந்திருக்கிறது. கைக்குச் சம்பளம் வந்த நாளிலிருந்து அடுத்தவர் பயன்படுத்திய எதையும் அவர் தொட்டதில்லை. அதைக் கேட்டபின் அவரைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

உதடு நீலம் பாய்ந்த அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். அப்போதும் இறங்கி வரவில்லை. வீடு திரும்பியபோது கட்டிலோரம் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. புதுசுதானே என்று கேட்டார். அவர் மகன், அதாவது எங்கள் மாப்பிள்ளை, புத்தம்புதுசு என்று சொல்லிவிட்டார். தங்கை வாயைத் திறக்கவில்லை. அது அவள் மேசையிலிருந்து வந்த பெட்டி.

4

பொய் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் தேறிவிட்டார். வருகிறவர் போகிறவரையெல்லாம் பெட்டி பக்கத்தில் உட்கார வைத்து, புதுசுன்னா புதுசுதான், எப்படிச் சீரா ஓடுது பாருங்க என்கிறாராம்.

"என் வேலையத்தான் புகழ்றாரு. நான் பக்கத்துல திருடி மாதிரி முழிச்சிட்டு நிக்கிறேன்" என்றாள் தங்கை. அவள் கண் கலங்கி நான் பார்த்து வெகுநாளாயிற்று.

நேரில் சொல்லேன் என்றேன். முகத்தைப் பார்த்தால் நா எழவில்லையாம். சொன்ன மறுகணம் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டால்? அந்த நீல உதட்டை அவளால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. அதற்காகப் பொய்யிலேயே காலம் தள்ளவும் முடியவில்லை.

"பத்திரிகையில நீ எழுதறத அவர் ஒரு வரி விடாமப் படிப்பாரு. எழுதிடுண்ணா."

ஆக, என்னைத் தூது அனுப்புகிறாள். இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், முடிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன்.

(அ) அவர் வாய்விட்டுச் சிரித்து, மருமகளின் கையைப் பிடித்து… வேண்டாம். இப்படிச் சிரிக்கிற மாமனார்கள் கதையில்தான் இருக்கிறார்கள்.

(ஆ) அவர் குழாயைப் பிடுங்கி எறிகிறார். அன்று மாலையே… கை ஓடவில்லை.

(இ) கதை அச்சேறவில்லை. எல்லோரும் நலம். எனக்கு இதுதான் வசதி. தங்கைக்கு?

5

மாமா, இனி உங்களிடமே பேசிவிடுகிறேன். பெயர் போடாவிட்டாலும் உங்களுக்கு முன்பே விளங்கியிருக்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அது புதுசில்லை. முன்பு யாரோ ஒருவர் அதில் மூச்சு வாங்கியிருக்கிறார். அவர் யார், என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியாது. சோதித்து முடித்த பெட்டியைத் தங்கை மறுபடியும் மேசையில் ஏற்றி, கடைசித் திருகாணி வரை கழற்றி, தன் கையாலேயே பூட்டினாள். வேறு யாருக்கும் அவள் அப்படிச் செய்ததில்லை. ஏன் இதற்கு மட்டும் என்று மேலதிகாரி கேட்டதற்கு, எங்க மாமாவுக்கு என்றாளாம். இது அவள் எழுதச் சொல்லாதது.

பத்திரிகையை உங்களிடம் கொடுத்துவிட்டு அவள் அடுக்களைக்குப் போயிருப்பாள். அங்கே ஒரு வேலையும் ஓடாது. பெட்டி ஓடுகிற சத்தம் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். குழாய் மட்டும் மூக்கிலேயே இருக்கட்டும். இப்போது அவளைக் கூப்பிடுங்கள், மாமா. என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.